கொக்கு அடையும் நேரம்

மூன்றாவது குழந்தை பிரியாணியே சாப்பிடவில்லை.

"எங்காத்துல முட்டைகூட வராது மேடம். ஹரி அந்த பர்த்டேக்கே போகலை. அன்னிக்கு அவனுக்குப் பாட்டு கிளாஸ்."

சொன்னவள் ஹரியின் அம்மா. மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடி ஃபிளாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது மகன் நாலு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளைத்தான் உம்மே ஹானியும் சேரனும் பிடித்திருந்தார்கள். கையில் எடுத்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

சேரனின் பேனா நோட்டில் அப்படியே நின்றது. அவன் உம்மே ஹானியைப் பார்த்தான்.

உம்மே ஹானி தி.நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். நாற்பத்திரண்டு வயது. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். சேரன் அவளுடைய ஒரே உதவியாளன். வாய் ஓயாத ஆள். பயந்துவிட்டால் இன்னும் ஓயாது. இன்று காலையிலிருந்து ஓயவே இல்லை.

வழக்கைக் கொண்டுவந்தவர் அக்பர் பாஷா. மயிலாப்பூரில் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை, விசேஷங்களுக்கு ஆர்டர் சமையல். முந்தின நாள் மனைவி ஜைதூன் பீயோடு மாடி ஏறி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இருபத்தாறு வருஷமா பிரியாணி தேக்ஸா இறக்குறேம்மா. ஒரு புள்ளைக்கு வயித்து வலின்னு பேச்சு வந்ததில்ல. ஒரு பர்த்டேக்குச் சமைச்சேன். அறுபது பேர் சாப்பிட்டாங்க. ரெண்டு புள்ளைங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துருச்சு. அதுக்கப்பறம் மூணாவது ஒண்ணு. டாக்டரே பன்னின்னு சொல்லிட்டாராம், வாட்ஸாப்புல போடுறாங்க. என் பிரியாணில பன்னிக்கறியாம். நான். பன்னி."

ஜைதூன் பீ போனை நீட்டினாள். கடை ஷட்டர் முழுக்கத் தார் பூசியிருந்த படம். வெள்ளிக்கிழமைக்குள் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். இன்று வியாழக்கிழமை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் ஜோயாவைப் பார்த்தார்கள். மூன்று குழந்தைகளையும் கவனிப்பவர் அவர்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"பன்னின்னு நான்தான் சொன்னேன். பாதி கேட்டுட்டுப் போய் மீதியை அவங்களே எழுதிக்கிட்டாங்க," என்றார். "இது சாப்பாட்டுல வர்றதில்ல. கொசு கடிச்சு வர்ற மூளைக்காய்ச்சல். கிருமி கொக்கு, நாரை உடம்புல இருக்கும். பன்னி உடம்புக்குப் போனா பல மடங்கு பெருகும். வளர்ந்த பன்னி பார்க்க நல்லாவே இருக்கும், மேஞ்சுக்கிட்டிருக்கும். சினையா இருந்தா மட்டும் குட்டி செத்துப் பொறக்கும். அதைக் கடிச்ச கொசு குழந்தையைக் கடிச்சா வந்துடும்."

"ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டுமா?" என்று கேட்டான் சேரன், வாசலுக்கு ஓரடி நகர்ந்தபடி.

"ஒட்டாது. கடிபட்ட எல்லாருக்கும் வர்றதும் இல்ல. நிறைய பேருக்கு ஒரு தலைவலிகூட இருக்காது. எங்கேயோ ஒருத்தருக்குத்தான் மூளைக்கு ஏறும். ஏறிட்டா மருந்து கிடையாது. தாங்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கணும், அவ்வளவுதான்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான் எனக்குத் தூக்கமில்ல. ஊர்ப்புறத்துல, வயல் பக்கத்துல வர்ற வியாதி இது. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர்னு மூணு புள்ளைங்க ஒரே வாரத்துல வந்திருக்குன்னா, எங்கேயோ கணக்கில்லாம கடி வாங்கிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். இன்னிக்குச் சாயந்தரமும் வாங்குவாங்க."

"கடிச்சு எத்தனை நாள்ல காய்ச்சல் வரும்?" ஹானி கேட்டாள்.

"அஞ்சு நாள்லேர்ந்து பதினஞ்சு நாள்."

"பர்த்டே முடிஞ்சு ரெண்டாம் நாளே காய்ச்சல்," என்றாள் ஹானி. பிரியாணி அப்போதே பாதி தப்பித்துவிட்டது. மீதி இப்போது ஹரியின் அம்மா சொன்னதில் தப்பித்தது.

ஆனால் சேரனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பிரியாணி என்றால் ஒரு தேக்ஸாவோடு முடிந்திருக்கும். கொசு என்றால் எங்கே போய்த் தேடுவது?

"மேடம், பேய்னாகூட பரவால்ல," என்று முணுமுணுத்தான். "பேய் ஊசி போடாது."

ஹானி காதில் வாங்கவில்லை. மூலையில் கிடந்த ஹரியின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனாள். உடனே விலக்கினாள்.

"அதை ஏன் கேக்கறேள்," என்றாள் ஹரியின் அம்மா. "மூணு வாரமா அந்தப் பை நாறிண்டு வர்றது. டிபன் பாக்ஸ் கொட்டிடுத்தோன்னு பார்த்தா, அது சுத்தமா இருக்கு. ரெண்டு தரம் தோய்ச்சுப் போட்டேன். திரும்பத் திரும்ப அதே நாத்தம்."

ஹானி பையைச் சேரனிடம் நீட்டினாள். மூக்கு விஷயத்தில் அவன் நிபுணன். தி.நகரில் எந்தக் கையேந்தி பவனில் எத்தனை மணிக்கு என்ன வேகிறது என்று மாடியிலிருந்தே சொல்லுவான். கண்ணை மூடி முகர்ந்தான்.

"சாம்பார். குருமா. ஃபிரைடு ரைஸ் ஒண்ணு கீது. அப்பறம் புளிச்சுப்போன மோர். இது ஒரு வூட்டு வாசனையே இல்ல மேடம். ஓட்டல் மெனு கார்டு மொத்தமும் ஊறிக் கிடக்குது."

"எச்சில் சோறு," என்றாள் ஹானி. பையின் அடியில் சுருண்டு கிடந்த காலுறையை எடுத்தாள். அதன் விளிம்பு முழுக்க ஒட்டுப்புல் விதைகள் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தன. "ஸ்கூல் கிரவுண்டுல புல்லு உண்டா?"

"ஏது புல்லு. மொத்தமும் சிமெண்ட் போட்டிருக்கா."

"சாயந்தரம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்?"

"முன்னெல்லாம் அஞ்சே முக்காலுக்கு வேன் வந்துடும். இப்போ மூணு வாரமா ஆறரை ஆயிடறது. வேன்காரர் டிராஃபிக்னு சொல்றார். மூணு வீட்டுக்கும் அதே வேன்தான்." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "ஹரிகூட ஒரு நாள் சொன்னான். அம்மா, வேன்லேர்ந்து ஆயிரம் கொக்கு பார்த்தேன்னான். அடையாறுலேர்ந்து மயிலாப்பூர் வர்ற வழியில ஏதுடா ஆயிரம் கொக்கு, பொய் சொல்லாதேன்னு அதட்டினேன்."

துண்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஸ்கூல்ல இதுக்குத் தடுப்பூசி போட்டா. அன்னிக்கு அவனுக்கு ஜலதோஷம். நான்தான் அனுப்பலை," என்றாள்.

ஹானி குனிந்து துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். படியிறங்கும்போது மணி பார்த்தாள். நாலேகால்.

"எச்சில் சோத்தை யார் வண்டியில ஏத்துவாங்க சேரா?"

சேரனுக்குப் பதில் தெரிந்தது.

"பன்னி வளக்கிறவன்," என்றான்.

அடையாறில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஐந்து மணிக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. பதினாறு குழந்தைகள் ஏறின. ஓட்டுபவன் பெயரை வாட்ச்மேனிடமே கேட்டுக்கொண்டான் சேரன். சின்னப்பையன். பெயர்தான் அப்படி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. ஒவ்வொரு குழந்தையின் பையையும் வாங்கி உள்ளே வைத்தான். கடைசிப் பெண் குழந்தையின் ஷூ லேஸைக் குனிந்து கட்டிவிட்டான்.

"வில்லன் மாதிரி தெரியலையே மேடம்," என்றான் சேரன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். பேண்ட்டைக் காலுறைக்குள் சொருகியிருந்தான். கழுத்திலும் காதிலும் கொசு க்ரீம் வெள்ளைப் பட்டையாக அப்பியிருந்தது.

"நீதான் கூத்துல வர்ற ராஜா மாதிரி இருக்கே. வண்டியை எடு," என்றாள் ஹானி, பின்னால் ஏறி.

வேன் முதலில் ஒரு ஓட்டலின் பின்வாசலில் நின்றது. இரண்டு நீல டிரம்கள் பின்கதவு வழியே ஏறின. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டது கண்ணாடி வழியே தெரிந்தது. அங்கிருந்து மயிலாப்பூருக்குப் போக நேராகப் போக வேண்டும். வேன் நேராகப் போகவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடதுபக்கம் இறங்கி, ஒரு தகரத் தடுப்பின் இடைவெளியில் நுழைந்து மறைந்தது.

சேரன் ஸ்கூட்டரைத் தடுப்புக்கு வெளியே நிறுத்தினான். ஐந்தே முக்கால். நவம்பர் மாத வெளிச்சம் சட்டென்று வற்றிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் அங்கே இருநூறு குடிசைகள் இருந்தன. ஆற்றோரத்தைக் காலி செய்தபோது எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு, வீடுகளை இடித்துப்போட்டார்கள். இடித்த வீடுகளின் அஸ்திவாரப் பள்ளங்கள் மட்டும் மிச்சம். ஒவ்வொரு பள்ளத்திலும் மழைத்தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. நீர் தெரியாதபடி புல்லும் பாசியும் மூடியிருந்தன. சின்னச் சின்ன வயல்கள் மாதிரி இருந்தது அந்த இடம்.

அப்போது கொக்குகள் வந்தன. பத்து, இருபது, நூறு என்று ஆற்றின் மேலாகச் சத்தமில்லாமல் வந்து இறங்கின. கரையோரக் கருவேல மரங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப்போயின.

"புள்ள பொய் சொல்லல," என்றான் சேரன்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு காதருகே, அப்புறம் இரண்டு காதருகேயும். அப்புறம் காதுக்கு அருகே என்றில்லாமல் காற்றே முனகுவது மாதிரி எல்லாப் பக்கத்திலிருந்தும். அவன் கையை வீசினான். விரல்களில் பஞ்சு மோதுவது போல் ஏதோ மோதியது.

"மேடம், நாம போலீஸுக்கு ஒரு போன் போட்டுட்டு வெளிய நின்னா இன்னா?"

"வேன் ஜன்னலைப் பார்," என்றாள் ஹானி.

வேன் புல்லுக்கு நடுவே நின்றிருந்தது. சின்னப்பையன் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். வேனின் எல்லா ஜன்னல்களும் புழுக்கத்துக்காகத் திறந்திருந்தன. மூன்று பையன்கள் கீழே இறங்கி, கொக்குகள் மேல் கல்லெறிந்து விளையாடினார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் கையையும் காலையும் பட் பட்டென்று தட்டிக்கொண்டிருந்தன. அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. "எனக்கு ஒம்போது," என்று ஒரு சிறுமி எண்ணிச் சொல்வது கேட்டது.

சேரன் ஓடினான். அத்தனை வேகமாக ஓடுவான் என்று அவனுக்கே தெரியாது. மூன்று பையன்களையும் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

"எல்லாரும் ஜன்னலை மூடுங்க. மூடு, மூடு, இந்தப் பக்கம்."

"புழுங்கும் அங்கிள்."

"புழுங்கட்டும்."

கடைசி சீட்டில், ஷூ லேஸ் கட்டிவிடப்பட்ட அந்தப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்ணிமை மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வயிறு சிவந்து உப்பியிருந்தது. சேரன் கையை ஓங்கி, அடிக்க முடியாமல் நின்றான். பிறகு மெதுவாக ஊதினான். கொசு கனத்த உடம்போடு எழுந்து, அவசரமே இல்லாமல் போனது.

அவன் வேனை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினான். ஹானி அதற்குள் மரங்களுக்குப் பின்னால் போயிருந்தாள். போகாமல் இருக்க அவனுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. போனான்.

மூங்கில் தடுப்புக்குள் இருபது பன்றிகளுக்கு மேல் இருக்கும். டிரம்மைக் கொட்டிய இடத்தில் முண்டியடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு தாய்ப்பன்றி மட்டும் எழுந்திருக்காமல் கிடந்தது. அதன் பக்கத்தில் எலி அளவுக்கு ஆறு குட்டிகள், ஒன்றுகூட அசையவில்லை. சின்னப்பையன் மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனையாவது?" என்று கேட்டாள் ஹானி.

அவன் திரும்பினான். மண்வெட்டி தானாக உயர்ந்தது. சேரன் ஹானிக்கு முன்னால் போய் நிற்க நினைத்தான். கால் பக்கவாட்டில்தான் போனது.

"யாரு நீங்க? கார்ப்பரேஷனா?"

"இல்ல. போலீஸும் இல்ல. குட்டி செத்துப் பொறக்குறது இது எத்தனையாவது தடவை?"

"மூணாவது," என்றான் சின்னப்பையன், தன்னை அறியாமல். "நல்லா துன்னுகினு, நல்லா படுத்துகினுதான் கீதுங்க. குட்டி மட்டும் செத்துச் செத்து வுழுது. இன்னா எழவுன்னே தெர்ல."

"உன் வேன்ல வர்ற மூணு பிள்ளைங்க ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்கு. தெரியுமா?"

"காய்ச்சல், லீவுன்னாங்க."

"மூளைக்காய்ச்சல். இந்தப் பள்ளத்துல பொறக்குற கொசு, இந்தக் கொக்கைக் கடிச்சு, இந்தப் பன்னியைக் கடிச்சு, பொழுது சாயுறப்ப உன் வேன் ஜன்னல் வழியா உள்ள போகுது. மூணு வாரமா நீ தினம் அரை மணி நேரம் பிள்ளைங்களை இங்க நிறுத்துறே."

மண்வெட்டி கீழே இறங்கியது. அவன் கோபப்படுவான், மறுப்பான், ஓடுவான் என்று சேரன் எதிர்பார்த்தான். சின்னப்பையன் எதுவும் செய்யவில்லை. முகம் மட்டும் சாம்பலாகிக்கொண்டே போனது. அவன் பார்த்தது ஹானியை அல்ல. அவளுக்குப் பின்னால், பாதி இடிந்த ஒரு சுவரில் சாய்த்துக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை.

"கொசுவா?" என்றான். "கொசுவா மேடம்?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தட், தட், தட் என்று ஒரே சீராக. கட்டில் கால் தரையில் அடிக்கும் சத்தம்.

ஒரு பெண் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "யோவ், மறுபடி வலிப்பு இஸ்துகினு கீதுய்யா," என்றவள், அந்நியர்களைப் பார்த்ததும் தார்ப்பாயைத் திரும்ப மூடப் பார்த்தாள். அவள் தேவானை, சின்னப்பையனின் மனைவி. ஹானி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கயிற்றுக் கட்டிலில் பத்து வயதுப் பெண் கிடந்தாள். உடம்பு வில்லாக வளைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஹானி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளு," என்றாள் தேவானை. "மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குட்த்தோம். காய்ச்சல் எறங்கவே இல்ல. காலைலேர்ந்து ஆளு தெர்ல அவளுக்கு. நிலான்னு கூப்டா திரும்பக்கூட மாட்டேன்றா."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போகல?"

தேவானை புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போனா அட்ரஸ் கேப்பாங்க. எங்களுக்கு பெரும்பாக்கத்துல வூடு குட்த்துட்டாங்க. இங்க இன்னா பண்றீங்கம்பாங்க. அங்க குந்திகினு இன்னா துன்றது? மூணு வாரம் முன்னாடிதான் கடன ஒடன வாங்கிப் பன்னி வாங்கிட்டோம். தெரிஞ்சா எல்லாத்தையும் புட்சிகினு பூடுவாங்க. ஒரு தபா புல்டோசர் வந்து எங்க வூட்ட இடிச்சத நாங்களே பாத்துகினு நின்னோம். காய்ச்சல் இன்னிக்கிப் பூட்ரும், நாளைக்கிப் பூட்ரும்னு…"

தட், தட் என்று மறுபடி கட்டில் கால்.

"சேரா, வேன் சாவி," என்றாள் ஹானி.

வேனைச் சேரன்தான் ஓட்டினான். சின்னப்பையனின் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நிலையில் இல்லை. அவன் முன்சீட்டில் இரண்டு குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹானியின் மடியில் நிலாவின் தலை, தேவானையின் மடியில் கால்கள். ஜன்னல்கள் மூடியிருந்தன. எச்சில் சோற்று நாற்றமும் பதினாறு குழந்தைகளின் வியர்வையும் மூச்சை அடைத்தன.

சிக்னலில் நின்றபோது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அங்கிள், அந்த அக்கா செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. தூங்குது."

"தூங்குனா கண்ணு மூடியிருக்குமே."

சேரன் சிக்னல் மாறுமுன் வண்டியை எடுத்தான்.

டாக்டர் ஜோயா வாசலுக்கே வந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, தேவானை அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பதினாறு குழந்தைகளும் வரிசையாக உட்கார வைக்கப்பட்டன. ஹானி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தா பெற்றோர்களால் நிறைந்தது. ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பித் தடிப்புகளை எண்ணினார்கள். சிலருக்குப் பாதியில் எண்ண முடியவில்லை.

சேரனும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சட்டைக் கையை உயர்த்தி எண்ணினான். பதினொன்று. க்ரீமை எல்லாம் கொசு தின்றுவிட்டுக் கடித்திருந்தது.

"அஞ்சு நாள்லேர்ந்து பதினஞ்சு நாள்," என்றான், பக்கத்தில் வந்து நின்ற ஹானியிடம். "இன்னிக்கி வியாழன். செவ்வாக்கெழமையிலேர்ந்து நான் சிரிச்சாக்கூட டாக்டர்கிட்ட காட்டுங்க."

"நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

"சொன்னாங்க. அந்தக் கொசுவுக்குச் சொன்னாங்களான்னு தெர்ல."

ஹானி அவன் தோளில் கை வைத்தாள். அவள் கையிலும் தடிப்புகள். அவள் எண்ணியதாகத் தெரியவில்லை.

அக்பர் பாஷாவுக்கு அவள் போன் செய்தபோது சேரன் கேட்டுக்கொண்டிருந்தான். உங்கள் மேல் பழியில்லை, டாக்டர் கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறார், பெற்றோர்களே வந்து சொல்வார்கள் என்றாள். அவர் கடையைப் பற்றிக் கேட்கவில்லை.

"புள்ளைங்க எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"ஹரி சாயந்தரம் கண்ணைத் திறந்தானாம். அம்மாவை அடையாளம் தெரியல. அந்த ரெண்டு பேருக்கும் மாத்தமில்ல. இப்ப நாலாவதா ஒரு பொண்ணு."

"யா அல்லாஹ்," என்றார் அக்பர் பாஷா, மெதுவாக. "அங்க பெத்தவங்க சாப்பிட்டிருக்க மாட்டாங்க. நான் கஞ்சி எடுத்துட்டு வர்றேன். என் கையால குடிப்பாங்களா கேட்டுச் சொல்லும்மா."

டாக்டர் ஜோயா வெளியே வந்தார். நிலாவுக்கு வலிப்பு நின்றுவிட்டது. மீதியை நாளைக்குத்தான் சொல்ல முடியும். தேவானை மகளின் பக்கத்தில் இருக்கலாம். சுகாதார அதிகாரியிடம் பேசியாகிவிட்டது, விடிந்ததும் ஆற்றங்கரைக்கு ஆட்கள் வருவார்கள், பள்ளங்களை மூடுவார்கள், மருந்து அடிப்பார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போனவர்களுக்கெல்லாம் தடுப்பூசி. எல்லாம் சரியாக நடக்கும் என்ற குரலில் அவர் சொன்னார். சேரனுக்கு முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

படிக்கட்டின் கீழே சின்னப்பையன் தரையில் குந்தியிருந்தான். பெற்றோர் யாரும் அவனை அடிக்கவில்லை. யாரும் பக்கத்திலும் போகவில்லை. ஹானியும் சேரனும் இறங்கி வந்தபோது தலையைத் தூக்கினான்.

"மேடம். அந்தப் பன்னிங்களுக்கு அது இருந்தா, குட்டிங்களுக்கும் இருக்குமா?"

"ஏன் கேட்கறே? குட்டியெல்லாம் செத்துல்ல பொறந்துச்சு."

"இது இல்ல. வாங்கறப்பவே கூட வந்த குட்டிங்க. ரெண்டு மாசத்துக் குட்டி, நாலு. நேத்து நிலாவுக்கு மருந்து வாங்கக் காசில்லாம வித்துட்டேன். ஆதம்பாக்கத்துல ஒருத்தருக்கு. கட்டிவச்சிருக்காரு."

"எங்க கட்டியிருக்காரு?"

"அங்க ஒரு காலி கிரவுண்டு கீது. மழைத்தண்ணி தேங்கி, நல்ல புல்லு." கடைசி வார்த்தைகளைச் சொல்ல அவனுக்கு நேரமாயிற்று. "பசங்க கிரிக்கெட் ஆட்ற எடம்."

ஹானி மணி பார்த்தாள். ஏழு. உள்ளே ஒரு நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். நிலாவுக்குக் கையெழுத்துப் போட, எழுதத் தெரியாத தேவானையின் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமாம்.

"விடிஞ்சப்பறம்தானே ஆளு வருவாங்க," என்றான் சேரன். "அதுவரைக்கும்?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அவனே வெளியே போய் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினான்.

ஆதம்பாக்கத்தில் அந்த மைதானத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. தெருவிளக்குக்குக் கீழே எட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அரைக்கால் சட்டை. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. வெளிச்சம் முடிகிற இடத்தில் புல் இடுப்பளவு நின்றது. அதற்குள் தண்ணீர் மின்னியது, ஏதோ உறுமியது.

சேரன் ஆட்டோவிலிருந்து இறங்கிய அதே நேரத்தில் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். அது எல்லோர் தலைக்கும் மேலே போய்ப் புல்லுக்குள் விழுந்தது. சின்னவன் ஒருவன் அதைத் துரத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

"டேய், நில்லு," என்று கத்தினான் சேரன். பையன் திகைத்து நின்றான்.

"நீ போவாத. நான் எடுத்தாறேன்."

அவன் பேண்ட்டை மறுபடி காலுறைக்குள் சொருகினான். புல்லை விலக்கினான். காதருகே அந்தச் சத்தம் எழுந்தது. அவன் நிற்கவில்லை. தண்ணீருக்குள் கை விட்டுத் துழாவி, பந்தை எடுத்து, திரும்பி வெளிச்சத்துக்கு வந்தான். வலது கையில் மூன்று இடங்களில் அரித்தது. பார்க்கவில்லை.

"மேட்ச் முடிஞ்சிருச்சு," என்றான், பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு. "எல்லாரும் வூட்டுக்கு நடங்க. நானும் கூட வர்றேன், உங்க அம்மா அப்பாகிட்ட பேசணும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தணும்."

"எங்களுக்கு இன்னும் ரெண்டு ஓவர் இருக்கு அங்கிள்," என்றான் பெரியவன். "அப்ப யாரு ஜெயிச்சது?"

சேரன் அந்த எட்டுப் பேரின் கால்களையும் பார்த்தான். வெளிச்சத்தில் தடிப்புகள் நன்றாகத் தெரிந்தன.

"தெர்லப்பா," என்றான். "வா, முதல் வூடு யாருது?"